இரண்டாம் ஹாலின் ஸ்விட்ச்

அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பது கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவன் மாமியாருக்குப் புரியவில்லை. ஸ்விட்ச் என்றால் சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் என்றே அந்தம்மாள் நினைத்திருந்தாள். வீட்டில் பல்பு எரியாவிட்டால் மாப்பிள்ளைக்கு போன் போகும். அவனும் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், மறுபேச்சு பேசாமல் ஸ்டூலில் ஏறி மாட்டிக் கொடுத்துவிட்டு வருவான்.

அவன் பார்த்துக்கொண்டது வேறு ஸ்விட்ச். அலமாரித் தட்டு அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் நாற்பத்தெட்டுத் துளை, துளைக்கு ஒரு நீல ஒயர். கேள்வித்தாள் இருக்கும் சர்வருக்கு இரண்டு ஒயர் போகும், மற்றவற்றின் மறுமுனையில் ஆளுக்கொரு கணினி. ஆட்கள் கணினியில் உட்கார்ந்து தேர்வு எழுதும் மையம் அது. ஹால் இரண்டு, ஹாலுக்கு ஒரு ஸ்விட்ச். அந்தப் பெட்டி ஒழுங்காக இருக்கிறவரை அவன் என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. அது முரண்டு பிடித்தால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை எழுத வந்தவர்களில் அவன் மனைவியும் ஒருத்தி. அரசு வேலைக்கான தேர்வு. நாலாவது தடவை எழுதுகிறாள். போன தடவை இரண்டே மார்க்கில் கை நழுவிப் போயிற்று. முப்பத்தைந்து வயது முடிந்தால் விண்ணப்பமே போட முடியாது, அவளுக்கு அடுத்த மாதம் முடிகிறது. எட்டு மாதமாகச் சமையல்கட்டு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். இரண்டு முறை பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் படித்தாள். இதை விட்டால் அவளுக்கு வேறு வாசல் இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஹால் டிக்கெட் வந்தபோது பார்த்தால், அவனுடைய மையமே விழுந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம். அவனுக்கு இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் ஊழியர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தேர்வு எழுதுகிறவர்களில் எனக்கு உறவினர் எவரும் இல்லை என்று அதில் இருக்கும். பொய்யென்று தெரிந்தால் கையெழுத்துப் போட்டவனுக்கு வேலை போகும், அந்த உறவினர் எழுதிய தேர்வு செல்லாது, இனி எழுதவும் முடியாது. உறவு இருந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். லீவு போட்டுத் தொலைத்திருக்கலாம்.

போடவில்லை. அவன் லீவு போட்டால் வெளியிலிருந்து யாரையாவது அனுப்புவார்கள். வருகிறவனுக்கு இந்தப் பெட்டிகளின் குணம் தெரியாது. அவளுடைய கடைசித் தேர்வை முன்பின் தெரியாத ஒருவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க அவனால் முடியாது. அப்படித்தான் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டான். படிவத்தில் கையெழுத்துப் போட்டான். அவளிடம் மூச்சு விடவில்லை.

"நீங்க அங்க இருக்கிறதுல ஒண்ணும் பிரச்சனை வராதே?" என்று அவள் ஒருதரம் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உள்ள வந்ததும் என்னைப் பாத்துச் சிரிக்காத, பேசாத. எழுத வர்றவங்ககிட்ட நாங்க பேசக் கூடாது. அவ்வளவுதான்."

"வீட்லயே நீங்க பெருசா சிரிச்சுப் பேசுறதில்ல. அங்க என்ன கெட்டுப்போச்சு" என்றாள் அவள்.

சனிக்கிழமை மதியம் ஸ்விட்ச்சின் மென்பொருளைப் புதுப்பித்தான். தேர்வு நடத்தும் நிறுவனத்தின் உத்தரவு. பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறதாம், புதியது ஏற்றாத மையத்தில் தேர்வு இல்லையாம். முதல் ஹால் பெட்டி சொன்னபடி கேட்டது. இரண்டாம் ஹால் பெட்டி அணைந்து எழுந்தபோது, நாலு வருஷத்துக்கு முந்தைய பெட்டியாக எழுந்தது. நாற்பத்தாறு இடங்களில் ஒன்றுகூட சர்வரைத் தொடவில்லை.

காரணம் அவனுக்கு உடனே மண்டையில் உறைத்தது. அந்தப் பெட்டிக்கு ஞாபகம் இரண்டு வகை. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. சேமித்து வைத்திருப்பது இன்னொன்று. கரண்டை நிறுத்தினால் முதலாவது போய்விடும், இரண்டாவதுதான் திரும்ப வரும். அந்த மையத்தில் வேலை பார்த்த ஒயர்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றம் செய்தாலும் உடனே சேமிக்க மாட்டார்கள். ஒரு வாரம் ஓடட்டும், கோளாறு வந்தால் பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும், எல்லாம் சரியென்றால் அப்புறம் சேமித்துக்கொள்ளலாம். கேட்க புத்திசாலித்தனமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாம் சரியாக ஓடுகிற பெட்டியை அப்புறம் யார் திரும்பிப் பார்த்தார்கள்? கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கியதால் பெட்டி ஒருதரமும் அணையவில்லை, நாலு வருஷ மாற்றமும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பாதி அவன் செய்தது. முதல் ஹால் பெட்டியில் யாரும் கை வைக்காததால் அது தப்பித்தது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நோட்டில் கிறுக்கியிருந்ததைப் பார்த்தும் நினைவிலிருந்தும் ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடித்தான். மாலையில் நாற்பத்தாறு இடமும் உயிர் பெற்றன. எல்லாக் கணினியிலும் போய் உட்கார்ந்து மாதிரித் தேர்வைத் திறந்து பார்த்தான். கடைசி வரிசையில் அவளுக்கு விழுந்திருந்த இடத்தில் இரண்டு தரம் உட்கார்ந்தான், நாற்காலி ஆடுகிறதா என்றுகூடப் பார்த்தான்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. சேமிக்க வேண்டும். ஒரு வரி, ஐந்து விநாடி.

விரல் விசை வரைக்கும் போயிற்று. புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு படிக்காது என்று நிறுவனத்தின் குறிப்பில் போட்டிருந்தார்கள். நாளைக் காலை புதுப் பதிப்பு ஏதாவது தகராறு செய்து பழையதற்குத் திரும்ப வேண்டி வந்தால்? தேர்வு நல்லபடியாக முடியட்டும், பிறகு சேமித்துக்கொள்ளலாம் என்று சேமிக்காமல் விட்டான். அன்றைக்கு மதியம் பட்டது போதாதென்று மாலையில் மறுபடியும் அதையே செய்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. பழகின கை அப்படித்தான். அதற்குப் புத்தி சொல்லி யாரும் ஜெயித்ததில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. அவள் நீலச் சேலையில் வந்தாள். அவனைத் தாண்டிப் போகும்போது முகத்தைப் பக்கத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நடிப்பு கொஞ்சம் அதிகம்தான். ஸ்விட்ச்கள் இருக்கும் சர்வர் அறைக் கதவில் காகிதத்தை ஒட்டி மேற்பார்வையாளர் அம்மாள் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார். தேர்வு முடிகிறவரை அவர் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு இரண்டாம் ஹாலின் நாற்பத்தாறு திரைகளும் அப்படியே உறைந்தன. புதுப் பதிப்பில் என்ன கோளாறு இருந்ததோ, ஸ்விட்ச் தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து, மறுபடி நாலு வருஷத்துக்கு முந்தைய பெட்டியாகக் கண் விழித்தது.

மேற்பார்வையாளர் முதல் ஹாலின் கோடியில் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, அவர் நிறுவனத்துக்கு போன் போட்டுக் கேட்டு, சீலைக் கிழித்து, அதற்கு ஒரு தாளில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கி, கதவைத் திறக்க ஒன்பது நிமிஷம் போயிற்று. இணைப்பு அறுந்தால் தேர்வுக் கடிகாரம் பதினைந்து நிமிஷம் நிற்கும். அதற்கு மேல் நிற்காது, திரை உறைந்திருந்தாலும் ஓட ஆரம்பித்துவிடும். பதினைந்துக்கு மேல் இணைப்பு போயிருந்தால் மறுதேர்வு கேட்க உரிமை உண்டு. இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

மனப்பாடமாக இல்லாதது அந்த வரிகள்தான். முந்தின நாள் மூன்று மணி நேரம் அடித்ததை இப்போது ஆறு நிமிஷத்தில் அடிக்க வேண்டும். நோட்டில் நினைவிலிருந்து சேர்த்த பகுதி இல்லை. அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தான், அது எதுவென்று தேடுவதற்குள் இன்னொன்று தப்பியது. பதினாலாவது நிமிஷத்தில் முதல் வரிசையில் நாலு இடம் உயிர் பெற்றது. மற்றவை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் உரக்கப் பேசினாள். அது அவள் குரலா என்று காது கொடுத்துக் கேட்டதில் அரை நிமிஷம் போயிற்று. கடைசி வரிசை வந்தபோது மணி பதினொன்று இருபத்து மூன்று.

முப்பத்தொரு நிமிஷம்.

தேர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு மையத்தின் மேலாளர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். அவரும் பயந்துபோயிருந்தார். அறிக்கையை அவரே எழுதி வைத்திருந்தார். இணைப்பு துண்டிப்பு, பதினான்கு நிமிடத்தில் சீர் செய்யப்பட்டது.

"நாலு ஸீட்டுக்குத்தான் சார் பதினாலு."

"நாலு ஸீட்டுக்கு வந்துச்சுல்ல, அப்ப பதினாலுன்னு எழுதுறதுல பொய் என்ன இருக்கு?" என்றார் அவர். "இங்க பாருப்பா. முப்பத்தொண்ணுன்னு எழுதினா விசாரணை வரும். யார் டியூட்டி, ஏன் சேமிக்கல, யார் எந்தப் படிவத்துல என்ன கையெழுத்துப் போட்டான்னு எல்லாத்தையும் கிளறுவாங்க. மையத்தையே மூடுவாங்க. யாராவது புகார் குடுத்தாதான் அவங்க சர்வருக்குள்ள போய்ப் பாப்பாங்க. இல்லாட்டி இந்தத் தாள் அப்படியே ஃபைலுக்குப் போயிடும்."

படிவம் என்று அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். அவன் போட்ட கையெழுத்து அவருக்குத் தெரியாது.

உண்மையை எழுதினால் நாற்பத்தோரு பேருக்கு மறுதேர்வு கிடைக்கும். அவளுக்கு மட்டும் கிடைக்காது. விசாரணைக்கு வருகிறவன் பட்டியலைத் திறந்தால், கடைசி வரிசைப் பெண்ணின் கணவர் பெயரும் ஸ்விட்ச்காரன் பெயரும் ஒன்றாக இருக்கும். வேண்டுமென்றே அணைத்தான் என்பார்கள். மனைவிக்கு மறுதேர்வு வாங்கிக் கொடுக்கச் செய்தான் என்பார்கள். அவர்கள் இடத்தில் அவன் இருந்தாலும் அப்படித்தான் சொல்வான். பொய்யை எழுதினால், அவள் எழுதின வரைக்கும் எழுதினதாவது மிஞ்சும். அதிலேயே தேறிவிடக்கூடும். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். மற்ற நாற்பத்தோரு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகளோ. அவர்களிலும் யாருக்காவது இது கடைசித் தடவையாக இருந்திருக்கும். அதை நினைத்துத்தான் போட்டான், நினைக்காமல் போட்டான் என்று சொல்ல முடியாது. தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அவள் அழுது வீங்கிக் கிடப்பாள் என்று நினைத்தான். அவள் சேலைகூட மாற்றாமல், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசியபடி டீ போட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அவனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படிச் செத்துப்போய் இருக்கு? உக்காருங்க."

"எத்தன எழுதின?"

"இருபத்தியெட்டு கேள்வி தொடவே இல்ல. இத வச்சு நிச்சயமா வராது" என்றாள். ஏதோ கடைக்கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "அங்கயே ஒரு மூச்சு அழுதுட்டேன். வெளிய வந்தா எல்லாரும் அழுதுட்டு நிக்கிறாங்க. அப்புறம் உக்காந்து புகார் எழுதினோம்ங்க. நாப்பத்தியோரு பேர் கையெழுத்து. மத்தியானமே மெயில் போட்டாச்சு. மொதல் கையெழுத்து என்னோடது."

அவனுக்கு டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"சென்டர்காரங்க நேரத்தக் கொறச்சு எழுதுவாங்க, நமக்கு யார் சாட்சின்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், என் வீட்டுக்காரர் அங்கதான் வேல பாக்குறாரு, அந்த ஸ்விட்ச்சப் பாக்குறவரே அவர்தான், அவர் உள்ளத உள்ளபடி எழுதியிருப்பாருன்னு. ஒடனே எல்லாருக்கும் ஒரு தைரியம் வந்துச்சு பாருங்க. புகார்லயும் அத ஒரு வரியாச் சேத்துட்டோம். உங்க பேர் போட்டு."

"என் பேரா?"

"பேர், வேல, எல்லாம். வயசு தாண்டினாலும் மறுதேர்வுன்னா பழைய விண்ணப்பமே செல்லுமாம்ங்க, அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அதனால பயம் இல்ல." அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அவள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்து அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நீங்க அறிக்கையில எத்தன நிமிஷம்னு எழுதினீங்க? நான் சுவர்க் கடிகாரத்தப் பாத்துட்டே இருந்தேன். முப்பத்தொண்ணு. சரிதானே?"

"பதினாலு."

"சும்மா வெளையாடாதீங்க" என்று அவள் சிரித்தாள்.

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.