காலி அறையின் படம்

2003ஆம் ஆண்டிலிருந்து எந்தத் தானியங்கிக் கதவும் ஹாஜா மைதீனுக்குத் திறப்பதில்லை. தாம்பரம் பக்கம் அப்போது அப்படிப்பட்ட கதவுகள் குறைவு என்பதால் விஷயம் வெளியே தெரியச் சில வருடங்கள் ஆயின. காரணம் அவர் மனைவி ஹஃபீசாவுக்கு மட்டும் முதல் நாளே தெரியும்.

ஹஃபீசா மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியறையில் மல்டிமீடியா சொல்லிக்கொடுத்தாள். மீதி நேரத்தில் கம்ப்யூட்டரை வைத்துக் கலை செய்தாள். அவளுடைய முதல் படைப்பு ஒரு சுவர். புரொஜெக்டர் வெளிச்சத்தில் பீர்க்கன்கரணை ஏரிக் கொக்குகள் அதில் மேய்ந்துகொண்டிருக்கும். ஆள் கிட்டே வருவதைக் கேமரா பார்த்துவிட்டால் எழுந்து பறக்கும். இந்த வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் ஆளில்லாத அறையைப் படம் எடுத்துக் கேமராவுக்குக் காட்டிவிட வேண்டும். அந்தப் படத்தில் இருப்பதெல்லாம் வெற்றிடம், அதற்குமேல் தெரிவதுதான் ஆள் என்று அது கற்றுக்கொள்ளும். ஹஃபீசா அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், காலி என்று நினைத்தாள், பட்டனை அழுத்தினாள். பம்மலில் தன் தோல்பைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, காலையிலிருந்து அவளுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்த ஹாஜா மைதீன் மூலை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் கண் அவரைத் தாண்டிப் போயிருந்தது.

அவர் எழுந்து சுவரருகே போனபோது ஒரு கொக்கும் அசையவில்லை. “உன் கொக்குங்க என்னை மதிக்கவே மாட்டேங்குதும்மா” என்று சிரித்தார். அவள் படத்தை அழித்தாள். அவரை வெளியே நிறுத்திவிட்டு வேறு எடுத்தாள். பயனில்லை. பிறகு வாங்கிய கேமராக்களும் அவரைப் பார்க்கவில்லை. புது ஓட்டல்களில் கை நீட்டினால் தண்ணீர் விடும் குழாய்கள் அவருக்கு விடவில்லை. கதவுகளில் ஹஃபீசாவை ஒட்டியே நுழைய அவர் பழகிக்கொண்டார். அவளோ ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் முதல் வகுப்பில், “படம் எடுக்கறதுக்கு முன்னாடி மூலையைப் பாருங்க” என்று சொல்லிவந்தாள். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

2008இல் சிறுசேரியில் ஒரு கம்பெனி வளாகத்தில் அவளுடைய கொக்குச் சுவருக்குக் கண்காட்சி. பழைய மாணவர்களோடு பேசிக்கொண்டே ஹஃபீசா உள்ளே போய்விட்டாள். பின்னால் கதவு மூடிக்கொண்டது. கைதட்டல், டீ, போட்டோ எல்லாம் முடிந்த பிறகு தீபலட்சுமி என்ற மாணவி ஓடிவந்தாள். “மிஸ், சார் வெளிய மழைல நின்னுனு கீறாரு. எவ்ளோ நேரமா தட்டுறாராம், ஒருத்தரும் திரும்பல.”

சட்டையைப் பிழிந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான். “கொக்குங்க நல்லா பறந்துச்சா?”

மறுநாள் ஹஃபீசா வகுப்புக்கு விடுமுறை விட்டு அவரை மாடியறைக்கு அழைத்துப்போய் அதே மூலையில் உட்காரவைத்தாள். கேமராவில் டைமர் வைத்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னாத்துக்கு இது? அப்புறம் உனக்கும் தொறக்காது. நீ செஞ்ச செவுரே உன்னைக் கண்டுக்காது.”

“தெரியும். ஆடாம உக்காருங்க.”

இப்போது சிறுசேரிப் பக்கம் போனால், வேறு யாராவது வரும்வரை கதவுக்கு வெளியே இருவரும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். மாடியறைச் சுவர் இன்னும் ஓடுகிறது. மாணவர்கள் வந்தால் கொக்குகள் எழுந்து பறக்கின்றன. வகுப்பு முடிந்து இவர்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது, சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, கால் விரல் வரை வந்து மேய்கின்றன.