பாதையை விட்டு விலகியவர்

1

முழங்கால் வலி. வழிக்காவலருக்கு இடது கால். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. இங்கிருந்து தொடங்கக் காரணம், இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அந்த முழங்கால் ஒன்றுதான்.

ஒரு தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். காடு, மலை, செங்குத்துப் பாறை. நுழைவாயிலில் ஒரு பெண்ணின் படத்தோடு பலகை: 'பாதையை விட்டு விலகியதால் உயிரிழந்தார். நீங்களும் விலகாதீர்கள்.' அதன் கீழே ஸ்டூலில் ஒரு காவலர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. மிச்சமெல்லாம் நானாகக் கட்டியது.

2

'மலைகள் மௌனமாக நின்றன. மூடுபனி ஒரு வெண்ணிற'

அடித்துவிட்டேன். சுமை தூக்குகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு மலை என்றால் ஏற்றம், மூடுபனி என்றால் கால் வைக்கிற இடம் தெரியாது. வெண்ணிறத்தை வேறு யாராவது எழுதட்டும்.

வாயிலிலேயே தொடங்குகிறேன். காவலருக்கு வேலை, மேலே போகிறவர்களிடம் சொல்வது. வருகிறவர்களுக்கு வேலை, கேட்காமல் போவது.

"செருப்போட போகாதீங்க. வழுக்கும்."

"பொறந்ததுலேருந்து செருப்புலதாண்ணே நடக்கறோம்."

"பொறந்ததுலேருந்து பாறையிலயா நடந்தீங்க?"

சிரித்துவிட்டுச் செருப்போடு போனார்கள். அடுத்து ஒருவர் கைபேசியை உயர்த்திக் காட்டி, "மேல டவர் கிடைக்குமா?" என்றார்.

"மேல டாக்டரே கிடைக்க மாட்டார் சார்."

அவரும் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டியதும் காவலர் மனைவியிடம் புலம்புவார். "தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன். ஒருத்தன் காதுல வாங்கறதில்ல."

"நான் சொல்றதை நீங்க வாங்கறீங்களா? காலுக்கு ஆஸ்பத்திரி போங்கன்னு தலபாடா அடிச்சுக்கறேன்."

(இந்த மனைவியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கினால் அவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. இருக்கட்டும்.)

3

பிறகு டீச்சர் வந்தார். பலகையில் இருக்கிற பெண். தனியாகத்தான் வந்தார், சரியான காலணி போட்டிருந்தார். காவலர் வழக்கம்போல ஒப்பித்தார்: பனி இறங்கினால் கற்குவியலைப் பார்த்து நட, ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணில் படும்வரை நகராதே.

டீச்சர் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. திருப்பிச் சொன்னார்.

"அடுத்த குவியல் தெரிஞ்சாதான் நகரணும். தெரியலன்னா அங்கயே நிக்கணும். சரிதானே அண்ணே?"

"அதேதாம்மா."

காவலருக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு மனுஷி காது குடுத்துக் கேட்டாங்க" என்று வீட்டில் சொல்ல வேண்டும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அன்று மதியமே பனி இறங்கிவிட்டது.)

4

கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாதை நெடுக, திருப்பத்துக்குத் திருப்பம், இடுப்பளவுக்குக் கல் அடுக்கியிருக்கும். அதுதான் வழி அடையாளம். மீட்புக் குழுவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு.* ஒருவர் விழுந்து இறந்த இடத்தில், உடலைத் தூக்கி வந்த பிறகு, ஆளுக்கு ஒரு கல் வைப்பார்கள். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பிணத்தைச் சுமந்த கை சும்மா திரும்பக் கூசும், அவ்வளவுதான்.

போன வருடம் ஓர் இளைஞன் படம் எடுக்கப் போய்ப் பாறை விளிம்பிலிருந்து விழுந்தான். குழுவில் காவலரும் இருந்தார். அங்கேயும் கல் வைத்தார்கள். பையன் சின்ன வயசாயிற்றே என்று கொஞ்சம் அதிகமாகவே வைத்தார்கள். இடுப்பளவு வந்துவிட்டது.

* இந்தப் பழக்கம் எங்காவது உண்மையிலேயே உண்டா என்று கேட்காதீர்கள். தெரியாது. சுமந்தவர்களை எனக்குத் தெரியும், அந்த இடத்தில் அவர்கள் இருந்திருந்தால் வைத்திருப்பார்கள்.

5

மறுநாள் காலை காவலரும் அவர் கூட்டாளி நெட்டையும் தேடிப் போனார்கள். ஈரமண்ணில் தடம் இருந்தது. தடுமாற்றமே இல்லை. திருப்பத்துக் குவியலருகே வெகுநேரம் நின்று மண் குழைந்திருந்தது. அங்கிருந்து நேராக, ஒழுங்காக, அந்த இளைஞனுக்கு வைத்த கற்களை நோக்கிப் போயிருந்தது. பனியில் கண்ணுக்கு எட்டிய அடுத்த குவியல் அதுதான். அதைத் தாண்டி இரண்டடியில் பாறை முடிந்தது.

நெட்டை எட்டிப் பார்த்தான். திரும்பிக் காவலரைப் பார்த்தான். பிறகு ஒரு கல்லை எடுத்துப் புதருக்குள் எறிந்தான்.

"என்னடா பண்ற?"

"மேனேஜர் வர்றதுக்குள்ள கலைச்சிடுவோம். நீயும் எடு."

"அந்தம்மா நான் சொன்னபடிதான்டா வந்திருக்கு."

"அதான் சொல்றேன், எடு. வேலை போனா குவார்ட்டர்ஸும் போகும். உனக்கு மட்டுமா? எனக்கும்தான்."

காவலர் குனிந்தார். முழங்கால் இழுத்தது. கடைசிக் கல் வரைக்கும் எடுத்தார்.

(இவரை நல்லவராக எழுதவா, கோழையாக எழுதவா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கல்லை எடுத்த ஆளாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள்.)

மேனேஜர் வந்தார், தலையில் அடித்துக்கொண்டார். "எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஜனங்க கேக்கறதில்ல." அடுத்த வாரமே வாயிலில் பலகை வைத்தார்.

6

முடிவுகள்.

அ) காவலர் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறார். எழுதிப் பார்த்தேன். மேனேஜர் காப்பி வரவழைத்துக் கொடுத்து, "கல்லெல்லாம் எங்கய்யா?" என்கிறார். கல் இல்லை. முடிந்தது.

ஆ) பலகையைப் பெயர்த்து எறிகிறார். சினிமா. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரால் ஸ்டூலையே நகர்த்த முடியாது.

இ) டீச்சரும் கேட்காமல் போனவர் என்று காவலர் தன்னையே நம்ப வைத்துவிடுகிறார். இதுதான் நடக்கக்கூடியது. எழுத எரிச்சலாக இருக்கிறது.

7

டீச்சரின் தங்கை வந்தாள். இவளை நான் கூப்பிடவில்லை. பலகை வைத்தால் யாராவது வந்துதானே ஆக வேண்டும். படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"சமையல் குறிப்புல சிட்டிகைன்னு இருந்தா சிட்டிகைதான் போடுவா எங்க அக்கா. நாங்க கேலி பண்ணுவோம். அவ எப்படி சார் பாதையை விட்டுப் போனா?"

"பனிம்மா. பனியில யாருக்கும்..."

"போறப்போ அவகிட்ட யாராவது சொன்னாங்களா?"

"நான்தான் சொன்னேன்."

"கேட்டாளா?"

காவலர் முழங்காலைத் தேய்த்தார்.

இங்கே நிறுத்துகிறேன். அவர் வாயைத் திறந்தால் வீடும் நெட்டையின் வேலையும் போகும். திறக்காவிட்டால் பலகை அப்படியே இருக்கும். எதை வேண்டுமானாலும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் வாயிலில்தான் நிற்கிறாள். அவளுக்கு ஒரு வாக்கியம் பாக்கி: உங்க அக்கா நான் சொன்னதைக் கேட்டுத்தான் போனாங்க.