வீட்டுக்கு ஒரு பலகை

காலையில் கடை ஷட்டர் திறப்பதற்கு முன்பே பைக் மெக்கானிக்கின் தொண்டை திறந்துவிடும். தெரு அவருக்கு ‘மேடை’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அன்று அவரிடம் மாட்டிக்கொண்டவர் நகராட்சி ஊழியர். விவகாரம், மேடை தன் வீட்டு வாசலில் மாட்டியிருந்த பலகை. ‘தெருமுனைக்கு கேட் வேண்டும்! இரவில் பூட்ட வேண்டும்!’ என்று அது அவரைப் போலவே கத்திக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்த பைக் ஒன்று வாசலிலேயே களவு போனதிலிருந்து அவருக்கு இதே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் கூடி, கை தூக்கி முடிவெடுப்பதாக ஏற்பாடு.

“என் வீடு, என் சுவரு, என் பேச்சு! கழட்டச் சொல்ல நீ யாருய்யா?”

“அண்ணே, என்ன வேணா எழுதுங்க. அதை நான் கேக்கவே மாட்டேன். பலகை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது, போறவன் மண்டையில இடிக்குது. சின்னதாக்கி சுவரோட ஒட்டி மாட்டுங்க. வீட்டுக்கு ஒண்ணுதான். அவ்வளவுதான் விதி.”

நியாயமான பேச்சு. மேடையோ கோட்டையைப் பிடித்தவர் போலப் பலகையை அறுத்து மாட்டிவிட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் பேச்சுரிமை பற்றி வகுப்பெடுத்தார். வண்டிகள் பிரித்தது பிரித்தபடி கிடந்தன.

மறுநாள் காலை பக்கத்திலேயே இன்னொரு பலகை. அறுத்துப் போட்ட துண்டில், ‘கேட் வேண்டாம். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வழி வேண்டும்.’ எழுதியவர் வேறு யாருமில்லை, மேடையின் மனைவியேதான். தெருவுக்குக் கேட்க வேண்டுமா? பால் வாங்கப் போனவர்கள்கூட அன்று இந்த வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

“என்னடி இது? ஊரே சிரிக்குது. எதுவா இருந்தாலும் உள்ள பேசு!”

“உள்ள எங்கங்க பேச விட்டீங்க? வாயைத் திறந்தாலே, ‘உனக்கென்ன தெரியும்’னீங்க.”

“வீட்டுக்கு ஒரு பலகைதான், தெரியுமில்ல?”

“அந்த ஒண்ணு ஏன் உங்களுதாவே இருக்கணும்? ஆஸ்பத்திரியில துணி வெளுத்துட்டு ராத்திரி நான் அந்த முனை வழியாத்தான் வர்றேன். பூட்டிட்டா சாராயக்கடை ரோட்டைச் சுத்தணும். நானும், என்கூட வர்ற பொண்ணுங்களும். பைக்கு போனா வேற பைக்கு வாங்கலாம்ங்க.”

மேடை அவள் பலகையை மறுபடி ஒருமுறை படித்தார். தினமும் தூக்கத்தில் அவள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டவர்தான். எந்த வழியாக வருகிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நல்லவர்களுக்கா பஞ்சம்? யாரோ போட்டுக்கொடுக்க, நகராட்சி ஊழியர் மறுபடி வந்து நின்றார்.

“ரெண்டுல எதைக் கழட்டணும்ணே?”

எல்லாப் பார்வையும் மேடையின் கையில். அவர் இரண்டையும் கழற்றினார். தன் பலகையில் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, எழுதியிருந்ததை எல்லாம் அழித்தார். நடுவில் ஒரு கோடு இழுத்து, பிரஷ்ஷை மனைவியிடம் நீட்டினார். “பாதி உனக்கு. எழுது.” பிறகு ஊழியரிடம், “ஒரே பலகைதானே தம்பி?” என்றார்.

“ஒண்ணேதான்ணே!” என்று சிரித்துக்கொண்டே அவர் கிளம்பினார்.

“என்ன மேடை, கட்சி மாறிட்டியா?” என்று சீண்டினார் எதிர்வீட்டுக்காரர்.

“மாறல. கேட் வேணும்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா தன் பேச்சுக்கு உரிமை கேக்குறவன், அடுத்தவங்க வாயைப் பொத்தக் கூடாதுய்யா. அதுவும் சொந்த வீட்டுக்குள்ள பொத்துறவன் வாசல்ல நின்னு கத்துறதுல அர்த்தமே இல்ல. ரெண்டையும் படிச்சிட்டு ஊரு முடிவு பண்ணட்டும்.”

“இதை ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“நீயே வந்து பேசு. நான் உக்காந்து கேக்குறேன்.”