திரும்பி வரும் தேதி

எங்கள் ஊரில் விருந்தாளியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், "எப்பப் புறப்படுறீக?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "இடத்தைக் காலி பண்ணுங்க" என்று அர்த்தம். சென்னையில் அமெரிக்க விசாவுக்காக என்னை விசாரித்த அந்தப் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, "அங்கிருந்து எப்போது திரும்புவீர்கள்?" என்று நல்ல தமிழில் கேட்டாள்.

நான் சிவகாசிக்காரி. மரியாதை தெரிந்தவள். "அவுக விடுற அன்னிக்கு வருவேன்" என்று முகம் மலரச் சொன்னேன். ஒரு தாளை நீட்டி, விசா கிடையாது என்று அனுப்பிவிட்டாள்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படவில்லை. நியூஜெர்சியில் மகன் தருண்குமாரோடு இருக்கும் பொன்னுத்தங்கத்தைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது அவளுக்கு ஞாபகம் நழுவுகிறது. "அம்மா சில நேரம் என்னையே யாருன்னு கேக்குறாக சித்தி. வரணும்னா சீக்கிரம் வாங்க" என்று தருண் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் நசிமா என்று அவளுக்குத் தெரியும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

ரயிலில் திரும்பும்போது என் மகன் நிஜாம் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏம்மா, டூரிஸ்ட் விசான்னா போயிட்டுத் திரும்புறவுகளுக்கு. இந்தம்மா அங்கனயே தங்கிரும்னு நினைச்சுக்கிட்டுத்தான் ஆபீசரு பேசவே ஆரம்பிப்பாரு. இல்ல, வந்துருவேன்னு நீங்கதான் நம்ப வைக்கணும். தருண் அண்ணன் எழுதின கடுதாசியெல்லாம் அம்புட்டுப் பெரிசில்ல."

"சீக்காளியப் பாக்கப் போறவ, புறப்படுற தேதியக் குறிச்சுக்கிட்டா போவா? அவ மனசு என்ன பாடுபடும்?"

"அவுகளுக்கு அதுதாம்மா மரியாதை."

நல்ல மரியாதை! ஆனாலும் மறுபடி எழுதிப்போட்டோம். அடுத்த முறை கூப்பிட மாதக்கணக்காயிற்று. அதற்குள் பொன்னுத்தங்கம் இன்னும் தூரமாகப் போய்விட்டாள். போனில் என் முகத்தைப் பார்த்து, "ஆரு, பால்காரம்மாவா?" என்றாள் ஒரு நாள். அன்றைக்கு என் காலண்டர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து அழுதேன்.

அழுது முடித்துப் பீரோவைத் திறந்தால் பள்ளிக்கூடக் காலத்துக் கிளித்தாள் ஒன்று கிடந்தது. பொன்னுத்தங்கத்தின் அய்யா பிரஸ் வைத்திருந்தார். மத்தாப்புப் பெட்டிக்கு ஒட்டும் கிளி லேபிள் அங்கேதான் அச்சாகும். வண்ணம் விலகிப்போன தாள்களை என் வாப்பா எடைக்கு வாங்குவார். மற்ற ஊர்ப் பிள்ளைகள் நோட்டுக்குக் காக்கித்தாளில் அட்டை போடுவார்கள். எங்களுக்குக் கிளி. அதன் சிவப்பு மூக்கு இடம் மாறி வாலுக்குப் பக்கத்தில் கிடக்கும். ஜூன் மாதம் வந்தால் வகுப்பு முழுக்க மை வாசம். இப்போதும் எந்தப் பிரஸ்ஸைத் தாண்டினாலும் எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

என் நோட்டுகளுக்கும் பொன்னுத்தங்கம்தான் அட்டை போடுவாள். பசையே வைக்க மாட்டாள், எல்லாம் மடிப்புதான். அதனால் நோட்டு நழுவி எங்காவது விழுந்துவிடும். வெறும் அட்டையோடு நான் முழிப்பேன். அப்போது அவள் போடும் சத்தம் அடுத்த வகுப்புவரை கேட்கும்.

மிச்சமிருந்த அந்தக் கிளித்தாளை, அவள் மடித்த மாதிரியே மடித்து, என் பாஸ்போர்ட்டுக்கு அட்டை போட்டேன். நிஜாம் சிரித்தான். சிரிக்கட்டும்.

இரண்டாம் முறை வாசலிலேயே நிறுத்தினார்கள். "என்னம்மா, பட்டாசுப் படமெல்லாம் ஒட்டியிருக்கு? உறையோட உள்ள போகக் கூடாது, கழட்டுங்க" என்றார் காவலர். கழற்றிச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

உள்ளே இந்த முறை வேறொரு அதிகாரி. அவருக்குத் தமிழ் சொல்ல ஓர் அம்மா. கேள்வி மட்டும் அதே கேள்வி.

"வைகாசியில போயி, ஆடிப் பதினெட்டுக்கு முன்ன வந்துருவேங்க" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. பொன்னுத்தங்கத்தின் வாசலை மிதிக்கும் முன்பே அவளை விட்டு வரும் நாளைச் சொல்கிறேனே, நான் என்ன மனுஷி?

"ஆடிப் பதினெட்டில் என்ன?"

"அன்னிக்குத்தான் எங்க ஊர்ல அடுத்த வருசக் காலண்டருக்கு ஆல்பம் வெளிவரும். ஏவாரிக வந்து படம் பாத்து ஆர்டர் கொடுப்பாக. எனக்குக் காலண்டர் கடை. அன்னிக்கு நான் இல்லேன்னா, என் மகன் பிள்ளையார் கேட்டவுகளுக்குப் பூனைக்குட்டிப் படத்தக் கட்டி அனுப்பிருவான்."

தமிழ் சொன்ன அம்மா சிரித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரியும் சிரித்தார். கடையைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, விசா ஒட்டி அனுப்புவார்கள் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷனில், அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, நிஜாம் போன் போட்டுக் கொடுத்தான். தருண் அவளிடம் போனைக் காட்டினான்.

"ஆரு?"

"நசிமா. ஒன்னயப் பாக்க வாரேன்."

"சரிங்க, சரிங்க" என்றாள், கடைக்கு வந்தவர்களிடம் சொல்வது போல. என் வாழ்நாளில் அவள் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. சேலை மடிப்பிலிருந்த அட்டையை எடுத்து விரித்துக் காட்டினேன்.

அவள் கிளியைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். மறுபடி கிளியைப் பார்த்தாள். பிறகு போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம், பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பினார்கள்.

"ஏட்டி நசிமா! அட்டை மட்டும் இருக்கு, நோட்டை எங்கன தொலைச்ச?"

அழுகையும் சிரிப்புமாக, "தொலைக்கலட்டி. ஆபீசுல வாங்கி வச்சிருக்காக. வந்ததும் எடுத்துக்கிட்டு வாரேன்" என்றேன்.

"வா வா, வெரசா வா."

எம்புட்டு மறந்தாலும் எங்கள் ஊர்க்காரி. எப்போது திரும்புவாய் என்று மட்டும் கேட்கவில்லை.