வலிச்சா இடது கையைத் தூக்குங்க

என் அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். அவரோடு பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. எதிராளியின் வாயில் பஞ்சையும் கண்ணாடியையும் வைத்துவிட்டுத்தான் அவர் பேச்சையே ஆரம்பிப்பார். கேள்வி கேட்பார். "ஆ" என்று ஒரு சத்தம் வரும். தமக்கு வேண்டிய பதிலை அதிலிருந்து எடுத்துக்கொள்வார். பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருப்பது என் வேலை. எனக்கும் அந்தக் குழாய்க்கும் ஒரே வித்தியாசம், அது அவ்வப்போது சத்தம் போடும்.

அவர் பேச்சை நிறுத்த ஒரு வழிதான் உண்டு. யாரை நாற்காலியில் சாய்த்தாலும் முதலில், "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்பார். கை எழுந்துவிட்டால் மெஷினும் நிற்கும், அவரும் நிற்பார், வார்த்தை பாதியில் தொங்கினாலும் சரி. "எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்.

கிளினிக் இருப்பது ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில். நேர்மேலே ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் குடியிருக்கிறார். ஒருநாள் அவர் கீழே இறங்கி வந்தார்.

"டாக்டர், உங்க ரூம்லேர்ந்து மத்தியானத்துல வர்ற சத்தம்..."

"மெஷின்தானே டீச்சர்? புரியுது. பல்லுன்னா லேசுன்னு நினைக்கிறாங்க எல்லாரும். உடம்புலயே கெட்டியான சமாச்சாரம் அதுதான். அதைக் குடையணும்னா..."

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார், மாடியேறிப் போய்விட்டார். இரண்டாவது தடவை வந்தபோதும் இதே கதிதான். அத்தான் பெரிய மனசு பண்ணி, பூனை நடக்கிற மாதிரி ஓடும் புது மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். மறுவாரமே டீச்சர் குடியிருப்போர் சங்கத்துக்குப் போய், கிளினிக்கைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவாயிற்று. அத்தான் தம் பக்கத்தைச் சொல்லலாம், அப்புறம் கை தூக்கி ஓட்டு. தோற்றால் கிளினிக்கைப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த வட்டாரத்தில் வேறு இடம் கிடைப்பதாக இல்லை.

"வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் என் பேஷண்ட்டுங்க மாப்ளே. பேசியே கவுத்துடறேன் பாரு" என்றார் அத்தான்.

"நீங்க கவுந்துடாம இருந்தா போதும்" என்றாள் அக்கா.

அந்த வாரம் முழுக்க அவர் பேச்சைத் தயார் பண்ணினார். அது ஆதிமனிதனின் கடைவாயில் தொடங்கியது. யானைத் தந்தம், குழந்தைக்குப் பல் முளைப்பது என்று ஊர் சுற்றி, கடைசியில் எப்போதாவது இந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒத்திகை, நாற்காலியில் வந்து மாட்டியவர்களிடம். பல் அடைக்க வந்த மூன்றாவது மாடித் தபால்காரர் ஆதிமனிதனை முழுசாகக் கேட்டார்.

"எப்படி இருக்கு பேச்சு?"

"ஆ... ஆ..."

"பிரமாதம்ங்கறார் மாப்ளே. இன்னும் கொஞ்சம் நீட்டலாம்ங்கறார்."

தபால்காரர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஊசிக்கு நடுங்குகிற தபால்காரர் அன்றைக்கு ஊசி போட்டதைக் கவனிக்கவே இல்லை.

அக்கா என்னைத் தனியாக அழைத்தாள். "அவருக்குக் கமா மட்டும்தான் தெரியும்டா. முற்றுப்புள்ளியை நீ வெச்சுக்கோ. கடைசி வரிசையில உக்காரு. பேச்சு நீண்டா மூக்கைத் தேய். நிறுத்திடணும்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். டீச்சர் முன்வரிசையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தப்பான கணக்கைப் பார்க்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அத்தான் எழுந்தார். ஆதிமனிதனும் எழுந்தான்.

யானை வந்தபோது நான் மூக்கைத் தேய்த்தேன். அத்தான் பார்த்தார்.

"அதோ என் மச்சானைப் பாருங்க. ஜலதோஷத்தோட வந்திருக்கான். ஜலதோஷத்துக்கும் மேல்வரிசைப் பல்லுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. எப்படின்னு கேட்டா..."

யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னார். நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "காலி பண்ணச் சொல்லிடுவோம்பா, பேச்சாவது முடியும்" என்றார். பக்கத்து ஆள் தலையாட்டினார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கிளினிக் என் கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது, நான் இன்னும் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்று நாலு பேர் முன்னால் பேசுகிற தைரியம் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது. ஆனால் பேசாமலே இந்த மனிதரை நிறுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேனே. இடது கையைத் தூக்கினேன்.

"ஆகையினால அந்த யா..." என்று நின்றார் அத்தான். கையில் இல்லாத மெஷினைப் பின்னுக்கு இழுத்தார். "எங்க வலிக்குது?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. தபால்காரர் தம் இடது கையைத் தூக்கினார். அப்புறம் நாற்காலிக்கு நாற்காலி கைகள் எழுந்தன. எல்லாருக்கும் வலித்தது. அத்தான் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி காத்திருந்தார். நான் டீச்சரைக் கைகாட்டினேன்.

டீச்சர் எழுந்தார். "ரெண்டு தடவை சொல்ல வந்தேன் டாக்டர், விட்டாத்தானே? எனக்கு மெஷின் சத்தம் தொந்தரவே இல்ல. உங்க சத்தம்தான். உங்க ஜன்னலும் என் படுக்கையறை ஜன்னலும் ஒரே பைப் சந்துலதான் திறக்குது. பழைய மெஷின் புண்ணியம் கட்டிக்கிச்சு, நடுநடுவுல உங்களை அமுக்கிடும். இப்ப ஒரு வார்த்தை விடாம கேக்குது. உங்க பெரியப்பா பையன் கிணத்துல விழுந்தது, உங்க மாமியார் கோவிச்சுட்டுப் போனது, எல்லாம் எனக்கு மனப்பாடம். உங்க சம்சாரம் குறட்டை விடறதை நடிச்சு வேற காட்டறீங்க."

முன்வரிசையில் அக்காவின் இடது கை மெல்ல மேலே போனது.

"உனக்கு எங்க?" என்றார் அத்தான், பழக்கதோஷத்தில்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போனதும் உங்களுக்குத்தான் வலிக்கும்."

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சொன்னார்: "மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நான் தூங்கணும். அவ்வளவுதான்."

அத்தான் பதிலுக்கு வாயெடுத்தார். எங்கும் கைகள் இன்னும் இறங்காமல் நின்றன. அவர் வாயை மூடினார். எனக்கு மௌனங்களைத் தெரியும். சும்மா இருப்பது வேறு, விழுங்குவது வேறு. அவர் ஆதிமனிதனை, யானையை, குழந்தையை, எல்லாவற்றையும் ஒரே மிடறில் விழுங்கினார்.

"சரி டீச்சர்" என்றார்.

அவர் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான். கிளினிக் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று செயலாளர் சொன்னபோது, டீச்சரே முதலில் தூக்கினார்.

அடுத்த நாள் மத்தியானம் தபால்காரர் மறுபடி வந்தார். அத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். மெஷினைப் பல்லில் வைக்கும் முன்பே தபால்காரரின் இடது கை எழுந்தது.

"வலிக்கல டாக்டர். பயமா இருக்கு. ஏதாவது பேசுங்களேன்."

அத்தான் பரிதாபமாக மேலே ஜன்னலைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு மாப்ளே. உன் குரல் எறும்புக்குக்கூடக் கேக்காது."

எனக்குத் தெரிந்தது அவர் கதைகள்தான். பெரியப்பா பையன் கிணற்றடிக்குப் போனதைத் தபால்காரரின் காதருகே குனிந்து, முனகுகிற மாதிரி சொன்னேன். போனான். எட்டிப் பார்த்தான். கால் வழுக்கியது. அதற்குள் பல் அடைத்து முடிந்துவிட்டது. நான் நிறுத்திக்கொண்டேன்.

பைப் சந்து வழியாக, மேலேயிருந்து தூக்கம் கலையாத ஒரு குரல் இறங்கி வந்தது.

"அப்புறம்?"