பிள்ளைகளுக்குப் பிடிக்காத ஆடு

கிஷாந்த் வாசித்து முடித்ததும் வினோதா தாள்களை வாங்கிப் புரட்டினாள். றம்ஸியா திருத்தி எழுதிய கதையில் அந்தக் காது கேளாத ஆட்டைக் காணோம்.

"இப்பதான் றம்ஸியாக்கா கதை ஓடுது. போன மாசம் ரயில் மாதிரி ஊதி ஊதி மலையேறிச்சு," என்றான் கிஷாந்த்.

"ஒங்கட கதை பழைய பஸ் மாதிரி எப்ப பாத்தாலும் கீழ கினிகத்தேனையிலயே நிக்குதே தம்பி, அது எப்ப மேல ஹட்டனுக்கு வரும்?" என்று சிரித்தாள் றம்ஸியா. பிறகு வினோதாவின் பக்கம் திரும்பினாள். "டீச்சர் சொல்லாட்டி எனக்கு வெளங்கியிருக்காது. புள்ளைகளுக்குப் புடிக்கல்ல எண்டா எடுக்கத்தானே வேணும்."

டிக்கோயாவில் கிஷாந்தின் போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறையில், பௌர்ணமிப் போயா விடுமுறைதோறும் மூவரும் கூடிச் சிறுவர் கதை எழுதினார்கள். ஒருவர் கதையை இன்னொருவர் வாங்கிப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்க வேண்டும். அவர்கள் சொன்னதை அப்படியே வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டதே தோட்டத்து முன்பள்ளி ஆசிரியையான வினோதாதான்.

போன கூட்டத்துக்கு முந்திய நாட்களெல்லாம் முன்பள்ளியில் கலைவிழா ஒத்திகை. றம்ஸியாவின் தாள்கள் பைக்குள்ளேயே கிடந்தன. கூட்டத்துக்குப் போக டிக்கோயா பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வினோதாவுக்கு நினைவு வந்தது. அவசரமாக ஒரு தடவை படித்தாள். பனிமூட்டத்தில் மேய்ப்பன் விசிலடிக்கிறான். நாலு மலையும் அதைத் திருப்பி அடிக்க, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஆடுகள் தடுமாறுகின்றன. விசிலே கேட்காத ஒரு ஆடு மட்டும் குளம்பால் பாதையைத் தடவித் தடவி நடந்து, எல்லாவற்றையும் பட்டிக்குக் கூட்டிவருகிறது. இது நமக்குத் தோன்றவில்லையே என்று வினோதாவுக்குச் சுருக்கென்றது.

"பிள்ளைங்க என்ன சொன்னாங்க?" என்று கிஷாந்த் கேட்டபோது, வாசிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா கேட்டாங்க. அந்தக் காது கேக்காத ஆடு வந்ததும்தான் நெளிய ஆரம்பிச்சிட்டாங்க. புடிக்கலையாம்," என்றாள். வேறு எதையாவது குறை சொல்லியிருக்கலாம். அந்த ஆட்டைத்தான் சொன்னாள்.

இப்போது அது கதையில் இல்லை. வெள்ளிக்கிழமை மூவரின் கதைகளும் சேர்ந்த புத்தகம் அச்சுக்குப் போகிறது.

திங்கட்கிழமை காலை, பையில் கசங்கிக் கிடந்த பழைய தாள்களை எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்தாள். யாரும் நெளியவில்லை. "டீச்சர், அது கத்துனா அதுக்கே கேக்காதா?" என்று நிலக்ஷி கேட்டாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். இடைவேளையில் பார்த்தால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒருத்தி முன்னே நடக்க, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பன்னிரண்டு பேரும் முற்றத்தைச் சுற்றி வந்தார்கள். வினோதாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அன்று பின்னேரமே ஹட்டனில் றம்ஸியாவின் வீட்டுக்குப் போனாள். மறுபடி வாசித்தேன், இந்தத் தடவை பிடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் அந்தப் பொய்யை நாலு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"அட, டீச்சர்! வாங்க வாங்க. மழைக்க நனைஞ்சிட்டீங்களே," என்று றம்ஸியா கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். இவ்வளவு சத்தத்துக்கும் திரும்பவில்லை. றம்ஸியா போய் மேசையை இரண்டு தட்டுத் தட்டியதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்ட மகள், ஹனா. புத்தகத்துக்குப் படமெல்லாம் அவதான் கீறுறா."

வினோதா தாள்களைப் பார்த்தாள். மலை, பனி, வரிசையாய் ஆடுகள். ஒவ்வொரு படத்திலும் வரிசைக்கு முன்னால் ஓரிடம் மட்டும் அழித்து அழித்துத் தாள் பஞ்சாகியிருந்தது.

"அந்த ஆட்டுக்கு அவட பேரத்தான் வெச்சிருந்தா," என்றாள் றம்ஸியா. "புள்ளைகளுக்குப் புடிக்கல்லயாம் எண்டு சொன்னேன். ரப்பர எடுத்து அழிச்சிட்டா."

பஸ்ஸில் தயார் செய்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் வாசிக்கவே இல்லக்கா," என்றாள் வினோதா. "போன மாசம். சும்மா சொன்னேன். இன்னைக்குத்தான் வாசிச்சேன். அந்த ஆட்டத்தான் புடிச்சிருக்கு. எல்லாருக்கும்."

றம்ஸியா கண்ணில் வந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"எனக்குச் சொல்லி என்னத்துக்கு டீச்சர்? அவக்குச் சொல்லுங்க. நேராப் பாத்து, மெதுவா. வாயப் பாத்துத்தான் அவ வெளங்குவா."

வினோதா சிறுமியின் முன்னால் முழங்காலிட்டாள். ஹனா பென்சிலைக் கீழே வைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, வினோதாவின் உதடுகளையே உன்னிப்பாகப் பார்த்துக் காத்திருந்தாள்.