கிளியம்மாளின் ஊழியம்

சட்டைக் காலர் தைக்கும் லைனில் எல்லா மெஷின்களும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. அந்த இரைச்சலில் நிம்மதியாகப் பேசிக்கொள்கிறவர்கள் கிளியம்மாளும், அவளுக்கு முன் மெஷினில் உட்காரும் இஃப்ராவும்தான். இஃப்ராவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கிளியம்மாள் ஸ்கேலால் அவள் முதுகைத் தொடுவாள். அவள் திரும்பியதும் கைகள் பேச ஆரம்பிக்கும். மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் ரவி வருகிறார் என்று அர்த்தம். மூக்குத்தி இருக்கிற இடத்தைக் கிள்ளினால் அது கிளியம்மாளின் பெயர்.

தாம்பரத்தை ஒட்டிய அந்த ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் இஃப்ராவையும் சேர்த்து அவளைப் போல ஆறு பெண்கள் இருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, சண்டை போட்டு, மாமியார் கதையெல்லாம் கேட்டுக் கேட்டே கிளியம்மாளுக்கு அந்தக் கைபாஷை வந்துவிட்டது. அதை ஒரு வித்தையாக அவள் நினைத்ததில்லை.

அந்த மாதம் அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு கவலை. பெருங்களத்தூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹாலில் கூடும் சபையில் பாஸ்டர் அசரியா எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்.

"ஆண்டவர் யாரையும் சும்மா படைக்கல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நோக்கம் வெச்சிருக்கார். ஜெபம் பண்ணுங்க, தேடுங்க. கடைசி ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சொல்லுங்க."

அவள் கணவன் ஞானையாவுக்குக் கவலையில்லை. வாரம் முழுக்க ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமை டோலக்கை மடியில் வைத்தால் கூரைத் தகடே அதிரும். கிளியம்மாள் கல்யாணமான பிறகு சபைக்கு வந்தவள். பாட்டுக் குழுவில் சேர்ந்து பார்த்தாள். அவளுடைய கரகர குரலைக் கேட்டு முன்வரிசைக் குழந்தைகள் சிரித்தன. அதே குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கப் போனாள். கால் மணி நேரத்தில் பாதிப் பேர் வெளியே ஐஸ் வண்டியிடம் நின்றார்கள். எழுந்து ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"எல்லாருக்கும் ஒண்ணு கீது. எனக்கு மட்டும் ஒண்ணியும் வெக்க மறந்துட்டார் போல" என்றாள், திரும்பி வரும்போது ஆட்டோவில்.

"நீ வெக்கிற சங்கரா மீன் கொழம்ப பாஸ்டர் ரெண்டு வாட்டி ஊத்திகினார். அது ஊழியம் இல்லியா?"

"வெளாடாதய்யா."

"வெளாடல கிளி. கேட்டா குடுப்பாரு. நீ இன்னும் கொஞ்சம் சத்தமா கேளு" என்றான் ஞானையா, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அமெரிக்காவில் பேங்குகள் மூழ்குகின்றன என்று டீவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. கம்பெனிக்கு வரும் ஆர்டர் சுருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார்கள். மேனேஜர் ஜெயகிருஷ்ணன் மைக்கோடு வந்து நின்றார்.

"நிலைமை உங்களுக்கே தெரியும். திங்கக்கிழமைலருந்து ரெண்டு ஷிஃப்ட். எந்த ஷிஃப்ட்டுக்கு வருவீங்கன்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ரவிகிட்ட பேர் குடுத்துடணும். குடுக்காதவங்க தாங்களாவே வேலையை விட்டதா எடுத்துப்போம்."

முன்வரிசையில் இஃப்ராவும் மற்ற ஐந்து பேரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் அவர் வாயை மறைத்திருந்தது.

"சார், அந்தப் பொண்ணுங்களுக்கு யாரு சொல்றது?" என்று கிளியம்மாள் பக்கத்தில் நின்ற ரவியிடம் கேட்டாள்.

"சும்மா இரு, அக்கா" என்றார் ரவி, அவளைப் பார்க்காமல். "அவங்க யாருக்கும் சொல்ல வேணாம்னு ஆர்டர்."

கிளியம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சொன்னது தெரியாமல் ஆறு பேரும் பெயர் கொடுக்கமாட்டார்கள். ஆறு பேர் தாங்களாகவே வேலையை விட்டவர்கள் ஆவார்கள். அவள் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். அவர்களைக் கூப்பிடத் தரையில் தட்டுவதுபோல, காலால் ஸ்டூலில் ஓங்கித் தட்டினாள். அந்த அதிர்வில் இஃப்ரா திரும்பினாள். கிளியம்மாளின் கைகள் மேனேஜர் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்லின.

"யாரும்மா அது? கையை இறக்கு. கீழ இறங்கு" என்றார் ஜெயகிருஷ்ணன்.

அவள் இறங்கவில்லை. இப்போது இஃப்ராவின் கைகள் வேகமாக அசைந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கிளியம்மாள் வாயைத் திறந்தாள். கரகரத்த அந்தக் குரல் ஹாலின் கடைசிவரை போனது.

"நான் எட்டு வருஷமா இங்க கீறேன் சார். ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சு இருட்டுல நான் எப்பிடி வூட்டுக்குப் போவேன்? பின்னாடி வர்ற வண்டி ஹாரன் எனக்குக் கேக்காது. வேன் வுடுவீங்களா?"

மேனேஜர் கிளியம்மாளைப் பார்த்தார். "உன் பிரச்சினைய தனியா வந்து பேசும்மா."

"நான் கேக்கல சார். இஃப்ரா கேக்குது."

பின்னால் யாரோ, "எங்களுக்கும் வேன் வேணும் சார்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. இரைச்சல் கூடியதும் ஜெயகிருஷ்ணன் மைக்கை ரவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை ஆறு பெண்களும் காலை ஷிஃப்ட்டுக்குப் பேர் கொடுத்தார்கள். வாங்கமாட்டேன் என்று அவ்வளவு பேர் முன்னால் ரவியால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை கேட்டில் வாட்ச்மேன் துளசிங்கம் கிளியம்மாளை உள்ளே விடவில்லை. "உன் கார்டு இல்லக்கா. எடுத்துட்டாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவள் அழுது முடிக்கும்வரை ஞானையா ஆட்டோவை எடுக்கவில்லை. சோறு வடித்து, முட்டையைப் பொரித்து, தட்டை அவள் முன்னால் வைத்தான். முட்டை கொஞ்சம் தீய்ந்திருந்தது.

"துன்னு" என்றான். "நாளிக்கு சபைல சொல்லணுமே, தெம்பு வேணாமா?"

"இன்னாத்த சொல்றது?"

"எனக்குத் தெரியாது. ஆனா உனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் முறை வந்தபோது முந்தானையைத் திருகிக்கொண்டே எழுந்தாள்.

"எனக்குப் பாட வராது. ஜெபம் பண்ணச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும். வெள்ளிக்கிழம கம்பெனில ஸ்டூல் மேல ஏறி நின்னேன். எங்க இஃப்ரா கையால பேசுச்சு, அது என் வாயில வந்துச்சு. அப்ப எனக்கு பயமே இல்ல பாஸ்டர். இதுக்குத்தான் ஆண்டவர் என்னை வெச்சிகினு கீறாருன்னு தெரிஞ்சுபோச்சு." முந்தானையை விட்டாள். "வேலை போயிட்ச்சு. அதுக்கும் எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

பாஸ்டர் அசரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காரும்மா" என்றார். உடனே, "இல்ல, நில்லும்மா, நில்லு. இங்க முன்னாடி வா" என்றார். பாட்டு எதுவும் ஆரம்பிக்காமலே ஞானையா டோலக்கைத் தட்டிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், கிளியம்மாளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் மாடம்பாக்கத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். மதியம் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வராமல் கம்பெனி வழியாக வருவாள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஆறு பெண்களும் வந்து நிற்பார்கள். காலையில் மைக்கில் என்ன சொன்னார்கள் என்று காலர் லைன்காரி ஒருத்தி சத்தமாகச் சொல்ல, கிளியம்மாள் கையால் சொல்லுவாள். அவர்கள் கேட்கச் சொன்னதை அவள் வாயால் சொல்ல, லைன்காரி உள்ளே போய்க் கேட்பாள். சம்பளத்தில் பிடித்த பணத்தை ஒருமுறை அப்படிக் கேட்டே திரும்ப வாங்கினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மதியம் கிளியம்மாள் வந்தபோது கேட்டில் கம்பிகள் தெரியவில்லை. கீழிருந்து ஆள் உயரத்துக்கு மேல் புதுத் தகரம் அடித்திருந்தார்கள். வெயிலில் கண் கூசியது.

துளசிங்கம் சின்னக் கதவருகே நின்றார். "நேத்து வெல்டிங் பண்ணாங்கக்கா" என்றார். "நீ இங்க நிக்கக் கூடாதாம்."

உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. செருப்புச் சத்தங்கள் நெருங்கி வந்து தகரத்துக்குப் பின்னால் நின்றன. பிறகு தகரத்தின் விளிம்புக்கு மேலே இரண்டு கைகள் எழும்பின. நூல்தூசி ஒட்டிய விரல்கள். வலது கை கீழே இறங்கியது. மூக்கைக் கிள்ளி அவள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி எழும்பி, மைக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டது. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் எழும்பின. பிறகு மற்றவர்களுடையதும். தகரத்துக்குப் பின்னாலிருந்து லைன்காரி காலையில் சொன்னதைக் கத்திச் சொன்னாள்.

கிளியம்மாள் பையைத் தரையில் வைத்துவிட்டு, நுனிக்காலில் எக்கி, தன் கைகளை எட்டிய மட்டும் உயர்த்தினாள்.